அக்கா வாசிக்கிறான்

கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

மொரிஷியஸின் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயிற்சி முடித்து, இந்த ஆண்டுதான் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். இரவு பத்து மணிவரை பாடக்குறிப்பு எழுதுகிறேன், படங்களும் சொல்லட்டைகளும் செய்கிறேன், ஆனால் வகுப்பில் அதில் பாதிகூட நடப்பதில்லை. கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான்காம் வகுப்பில் ஒரு பையன் 'அக்கா வாசிக்கிறான்' என்றே திரும்பத் திரும்ப எழுதுகிறான். சரியான வாக்கியத்தைப் பத்து முறை எழுத வைத்தும் பயனில்லை. போன வாரம் ஒரு சிறுமி, "எங்கள் வீட்டில் யாருமே தமிழ் பேசுவதில்லை மிஸ், இதை எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் இந்தத் தொழிலுக்குத் தகுதியானவள்தானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்

அன்புள்ள ஆசிரியைக்கு,

தகுதியானவள்தானா என்ற உங்கள் சந்தேகத்திற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை எழுதிய தவறு எழுத்துப் பிசகாமல் நினைவில் இருக்கிறது என்றால், நீங்கள் இந்தத் தொழிலுக்கு வேண்டியவர்தான். மீதியெல்லாம் பழக்கத்தில் வரும்.

அந்தப் பையனின் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். என் முதல் ஆண்டில் ஒரு பிள்ளை 'அம்மா வந்தான்' என்று எழுதியபோது நானும் சிவப்பு மையால் அடித்துப் பத்து முறை எழுத வைத்தேன். மறுநாள் அதே பிள்ளை 'அப்பா வந்தாள்' என்று எழுதிக்கொண்டு வந்து, இந்த முறை சரியாக எழுதிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளை கவனக்குறைவாக இருக்கவில்லை. நான் சொன்னதை மிகுந்த கவனத்தோடு கேட்டு, '-ஆன்' தவறு, '-ஆள்' சரி என்று ஒரு விதியைத் தானே வகுத்துக்கொண்டிருக்கிறது.

நம் பிள்ளைகள் வீட்டில் பேசும், பிரெஞ்சு மொழியிலிருந்து உருவான கிரியோலில் அவன், அவள், அவர், அது என்ற நான்கிற்கும் 'லி' என்ற ஒரே சொல்தான். மோ பே லிர், தோ பே லிர், லி பே லிர்: நான் வாசித்தாலும் நீ வாசித்தாலும் அக்கா வாசித்தாலும் வினைச்சொல் மாறுவதே இல்லை. அந்த மொழியில் நினைக்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம், வாசிப்பவர் ஆணா பெண்ணா, மதிப்புக்குரியவரா, உயர்திணையா அஃறிணையா என்று பார்த்து, அதற்கேற்ப வினையின் வாலை மாற்று என்று தமிழ் கேட்கிறது. தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது மூச்சு விடுவது போல வந்துவிடும். நம் பிள்ளைக்கோ இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே புதிய செய்தி. பத்து முறை எழுதும்போது அந்தக் கை உழைக்கிறதே தவிர, இந்தக் கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து நான் செய்ததைச் சொல்கிறேன். நான்கு நாற்காலிகளைப் போட்டு அவன், அவள், அவர், அது என்று எழுதி ஒட்டிவிட்டு, ஒரு கட்டுப் படங்களைக் கொடுத்து, ஒவ்வொரு 'லி'யும் எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டேன். பாட்டி எந்த நாற்காலிக்கு என்று வகுப்பே வாதாடியது. ஒரு சிறுமி நாயின் படத்தை 'அவன்' நாற்காலியில் வைத்துவிட்டு, "எங்கள் நாய்க்குப் பெயர் இருக்கிறதே, மிஸ்" என்றாள். திணைப் பாகுபாட்டை நான் விளக்கியதைவிட அவள் நன்றாகவே விளக்கிவிட்டாள். வினைமுற்றை அன்று நான் எழுதவே இல்லை. அடுத்த வாரம் எழுதியபோது, ஏன் மாறுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மரியாதைப் பன்மையில் அவ்வளவு சிரமம் இருக்காது, ஏனென்றால் 'தோ'வுக்கும் 'ஊ'வுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் வீட்டிலேயே அறிவார்கள், நீயும் நீங்களும் அதற்கு நேராக வந்து பொருந்தும்.

வகுப்பின் மௌனத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று வினாடிக்கு மேல் பொறுத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் வகுப்பில் கேள்வி தமிழிலிருந்து கிரியோலுக்குப் போய், பதில் கிரியோலிலிருந்து தமிழுக்குத் திரும்பிவர வேண்டும் என்பதால், மூன்று வினாடிகூடப் போதாது என்பது என் அனுபவம். நான் சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே ஆறுவரை மனத்திற்குள் எண்ணுவேன். புதிய ஆசிரியருக்கு அந்த ஆறு வினாடி ஒரு யுகமாகத் தோன்றும், தன் பாடம் தோற்றுவிட்டது என்று பயமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சிறுமியின் கேள்வி. இதே கேள்விக்கு ஒரு காலத்தில் நான் கால் மணி நேரம் மொழியின் தொன்மையைப் பற்றிப் பேசினேன், கேட்ட பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலை, எனக்கு மூத்த ஆசிரியை ஒருவர், "பேசியது போதும், பாட்டியின் அடுப்பங்கரையிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்" என்றார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டுத் தழையை, வேர் மண்ணோடு, மேசையில் வைத்தது. நான் கரும்பலகையில் 'கொத்தமல்லி' என்று எழுதினேன். அது விரலை நீட்டி, கொ, த், த, ம என்று கூட்டி வாசித்துக்கொண்டே வந்து பாதியில் நின்று, "மிஸ், இது கொதோமிலி!" என்று கத்தியது. கப்பலேறி வந்த தமிழர்களின் வாயிலிருந்து கிரியோலுக்குள் போன சொல் அது. இன்று இந்தத் தீவில் எல்லா இனத்தவரும் சந்தையில் அதைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள். கறிவேப்பிலை 'கரிபூலே'யாகவும், ரசம் 'ரசோன்' ஆகவும் அப்படியே இருக்கின்றன. வீட்டில் யாரும் தமிழ் பேசுவதில்லை என்று நம்பும் உங்கள் சிறுமி நாள்தோறும் சில தமிழ்ச் சொற்களைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், அவளுக்கு அது தெரியாது. நம் ரூபாய்த் தாளில் தொகை தமிழிலும் எழுதியிருப்பதையும் ஒரு நாள் அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இரவு பத்து மணிவரை எழுதும் பாடக்குறிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. முதல் ஆண்டில் எழுவாய் எல்லாம் நான்தான்: நான் விளக்குவேன், நான் படம் காட்டுவேன், நான் கேட்பேன். ஆறேழு ஆண்டுகளில் எழுவாய் மாறிவிட்டது: பிள்ளைகள் இந்த இடத்தில் இப்படிச் சொல்வார்கள், இன்னது புரியாது, இதை அதனோடு குழப்பிக்கொள்வார்கள். பக்கங்கள் பாதியாகிவிட்டன, பாடம் நடந்தது. தமிழ் வேளையில் பிள்ளைகள் வேறு அறைக்குப் பிரிந்து வரும் சந்தடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதுவும் உங்களை வாட்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் நுழையும்போதே பலகையில் ஒரு சிறு வேலை காத்திருக்கட்டும், பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

ஒரு சிறிய குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்திற்கு, நாளுக்கு மூன்று பிள்ளைகளின் தவறான வாக்கியங்களைத் திருத்தாமல் அப்படியே எழுதி, பக்கத்தில் அது கிரியோலில் எப்படி இருந்திருக்கும் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பையனின் 'அக்கா வாசிக்கிறான்' முதல் பக்கத்தில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே வாசித்துப் பார்ப்போம்.