வாசகர் கேள்வி: கடலோர வீட்டுக் கணினிக்கு எந்த எஸ்எம்பிஎஸ், எந்த லினக்ஸ்?

கேள்வி: கடற்புல் படுகைகளைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைபடமாக்கும் ஆய்வுக்காக வீட்டிலேயே ஒரு கணினியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ரைசன் 9 7900 பிராசஸர், 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 64 ஜிபி ராம் எல்லாம் வாங்கியாகிவிட்டது. எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) 850 வாட்ஸுக்குக் குறையக் கூடாது என்கிறார் இராமநாதபுரத்துக் கடைக்காரர். பழைய கேபினெட்டோடு வந்த 450 வாட்ஸே போதும் என்கிறார் அண்ணன். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகனோ இயங்குதளமாக ஆர்ச் லினக்ஸ்தான் போட வேண்டும் என்று நிற்கிறான். எங்கள் வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, மண்டபம்)

பதில்: மூவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் பிராசஸரின் பெட்டியில் 65 வாட்ஸ் என்று இருந்தாலும் முழு வேலையில் அது 88 வாட்ஸ் வரை இழுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு 165. மதர்போர்டு, ராம், வட்டுகள், விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 70 என்று வைத்தாலும் மொத்தம் 330 வாட்ஸைத் தாண்டாது. கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் திடீரென்று கூடுதலாக இழுக்கும் வழக்கம் உண்டு என்பதால், அதற்கும் இடம் விட்டு 650 வாட்ஸ் வாங்குங்கள். 850 வாங்கினால் கெடுதல் ஒன்றுமில்லை, காசுதான் வீண்.

அண்ணன் சொல்லும் 450தான் ஆபத்தானது. பிராசஸரும் கார்டும் தமக்கு வேண்டியதில் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே எடுக்கின்றன. ஆகவே அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் உங்களுக்குப் பயன்படுவது 192 வாட்ஸ்தான், மேலே பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி. நல்ல 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த எண் 54 ஆம்பியரை ஒட்டி இருக்கும். 80 பிளஸ் கோல்டு முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது, உள்ளே இருக்கும் பொருளின் தரத்தையோ பாதுகாப்பையோ அல்ல.

வாட்ஸைவிட உங்கள் ஊரில் நான் முதலில் கேட்பது எர்த்தைப் பற்றித்தான். பாம்பனில் ஒரு வீட்டில் நான் தங்கியிருந்தபோது, கேபினெட்டின் பின்பக்கத் திருகைப் புறங்கையால் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் சுரீரென்று இருக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகரப் பெட்டிக்குச் சிறு கெபாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன. எர்த் அறுந்திருந்தால் பெட்டி ஏறக்குறைய 115 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் அது போகவில்லை. வெளியே குழியைத் தோண்டிப் பார்த்தபோதுதான், கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் உப்பில் அரித்துப் பச்சைப் பொடியாகக் கையில் வந்தது. மணல் தரை காய்ந்தால் எர்த் இன்னும் மோசமாகும் என்பதால் கோடையில் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மல்டிமீட்டர் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டுகிறது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் அதே எண்ணைத்தான் காட்டும். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்புத்தூள் தானாகவே ஈரம் இழுத்துக் கசியத் தொடங்கும். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் உங்கள் ஊரில் அது அன்றாட நிலை. ஆகவே குறைந்த வேலையில் விசிறி நின்றுவிடும் வகை எஸ்எம்பிஎஸ்ஸை எடுங்கள், உள்ளே போகும் காற்று அந்த அளவுக்குக் குறையும். கேபினெட்டைக் கடல் பார்த்த சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பல நாள் அணைத்தே வைப்பதைவிட தினமும் சிறிது நேரம் ஓட விடுவது நல்லது, உள்சூடு ஈரத்தை விரட்டும். தூசியை உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள்.

யுபிஎஸ் இல்லாமல் இதை ஓட்ட வேண்டாம். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும், உங்களுக்கு அது விளிம்பு. 1000 விஏ எடுங்கள். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் சில மில்லி நொடிகளை எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் உள்ள சேமிப்பிலிருந்து கடக்க வேண்டும்; முழு வேலையில் 17 மில்லி நொடி தாங்கும் என்று விவரத்தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி இணைப்புள்ள யுபிஎஸ் என்றால், நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் பேட்டரி தீரும்முன் லினக்ஸை ஒழுங்காக அணைத்துவிடும்.

லினக்ஸைத் தேர்வதிலும் இதே மின்வெட்டைத்தான் மனதில் வைக்க வேண்டும். ஆர்ச் நல்லதுதான், ஆனால் அதற்குப் புதுப்பித்தல்கள் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும், பாதியை மட்டும் புதுப்பிப்பதை அவர்கள் ஆதரிப்பதில்லை. கெர்னல் என்ற லினக்ஸின் உட்கருவும், கார்டை இயக்கும் என்விடியா டிரைவரும் மாறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மறுநாள் காலை கறுப்புத் திரைதான் வரவேற்கும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸும் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஆய்வு முடியும்வரை அடித்தளம் அசையக் கூடாது என்பதால் உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்ட காலம் திருத்தங்கள் கிடைக்கும் பதிப்பு) போடுங்கள். 2029 வரை வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், என்விடியா டிரைவரை அதன் சொந்தக் கருவியிலேயே நிறுவலாம், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் அதன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. டெபியன் 13 என்ற லினக்ஸ் எனக்கு இன்னும் பிடிக்கும், டிரைவருக்காக இரண்டு படி கூடுதல் வேலை இருப்பதால் உங்களுக்குச் சொல்லவில்லை. படங்களைக் கணினிக்குக் கற்பிக்க உதவும் பைடார்ச் மென்பொருள், கார்டில் கணக்குப் போடத் தனக்கு வேண்டிய குடா கோப்புகளைத் தானே கொண்டுவருவதால் டிரைவர் ஒன்று போதும். புதுப்பித்தலை யுபிஎஸ் முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கும்போது செய்யுங்கள்; அப்படியும் கறுப்புத் திரை வந்தால், தொடக்கத்தில் எஸ்கேப் விசையைத் தட்டினால் வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

கேள்வி: பழைய மாடுலர் (கம்பிகளைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. வேறு நிறுவனத்தின் புதியதை வாங்கி, பழைய கம்பிகளையே அதில் மாட்டலாமா? செருகி சரியாகப் பொருந்துகிறது. (வாசகர், தொண்டி)

பதில்: கூடாது. கார்டு, வட்டு போன்ற பாகங்களின் பக்கம் உள்ள முனைதான் பொது விதிப்படி அமைந்தது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் கிரவுண்டு (0 வோல்ட்) என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது, ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளிலும்கூட மாறும். பொருந்திவிட்டது என்று சுவிட்சைப் போட்டால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 போய், வட்டு அந்த நொடியே எரிந்துவிடலாம். புதியதோடு வந்த கம்பிகளை மட்டும் மாட்டுங்கள்.