மலையில் கார் துடைக்க எந்த மைக்ரோஃபைபர் டவல் நல்லது, அதை எப்படிப் பராமரிப்பது?

ஊட்டிக்குக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: கார் கழுவிய பிறகு துடைக்கத் தடிமனான மைக்ரோஃபைபர் டவல் வாங்கினாராம். சீக்கிரமே அதில் ஈர நாற்றம் ஏறிவிட்டது, தண்ணீரையும் முன்போல இழுக்கவில்லை. எதை வாங்கலாம், எப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது கேள்வி.

நான் குன்னூரில் இருக்கிறேன், காரை வீட்டிலேயே கழுவுகிறேன். மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டவல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் காயும் என்று பார்த்து வாங்குங்கள்.

கடையில் 800, 1000, 1200 ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி அத்தனை கிராம் எடை என்று அர்த்தம். 60க்கு 90 சென்டிமீட்டர் டவல் 1200 ஜிஎஸ்எம் என்றால் காய்ந்த நிலையிலேயே கிட்டத்தட்ட 650 கிராம் இருக்கும். கோயம்புத்தூர் மொட்டை மாடியில் அது மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஜூலை மாத ஊட்டியில் தொட்டால் மேலே காய்ந்தது போல இருக்கும், இழைகளின் அடியில் ஈரம் அப்படியே நிற்கும். நாற்றம் பிடிப்பது அங்கேதான். அதனால் 400 முதல் 600 ஜிஎஸ்எம்முக்குள், 50க்கு 70 அளவில் இரண்டு டவல் வாங்குங்கள். 500 ஜிஎஸ்எம்மில் ஒன்று 175 கிராம்தான். முதல் டவல் நனைந்ததும் அடுத்ததை எடுக்கலாம், இரண்டுமே சீக்கிரம் காயும். முறுக்கிய இழை வளையங்கள் உள்ளதும் (ட்விஸ்ட் லூப் என்று விற்பார்கள்), கட்டம் கட்டமாகக் குழி விழுந்த வாஃபிள் நெசவும் துடைக்க நன்றாக இருக்கும்.

லேபிளில் பாலியஸ்டர் 80, பாலிஅமைடு 20 அல்லது 70/30 என்று இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த இழையை நீளவாக்கில் பல கீற்றாகப் பிளந்திருப்பார்கள். கீற்றுகளுக்கு நடுவில்தான் தண்ணீர் ஏறி நிற்கிறது. பிளக்காத இழையாக இருந்தால் பெயர் மட்டும்தான் மைக்ரோஃபைபர். வீட்டில் சோதித்துப் பார்ப்பது சுலபம். மேஜையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, டவலின் ஓரத்தால் மெதுவாகத் தள்ளுங்கள். நல்ல டவல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், மட்டமானது முன்னால் தள்ளிக்கொண்டே போகும். பழைய டவல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் இதே சோதனைதான். புது டவலின் லேபிளை வெட்டிவிட்டு, ஒருமுறை தனியாக அலசிய பிறகே காரில் வையுங்கள்.

துடைப்பதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. கடைசியாக அலசும்போது ஹோஸைக் கூரை மேல் மெல்ல ஓடவிட்டால் பாதித் தண்ணீர் தானே வழிந்து போகும். டவலைப் பானெட் மேல் விரித்து, இரண்டு முனையைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள், அழுத்த வேண்டாம். கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று மேலிருந்து கீழே வாருங்கள். கதவுக்குக் கீழே செம்மண் ஒட்டியிருக்கும் பகுதிக்கும் சக்கரத்துக்கும் வேறு துணி வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்தே இறங்குகிற வண்டிகள் நம்முடையவை. சக்கரத்தில் படியும் கருப்புத் தூளில் இரும்புத் துகள் இருக்கிறது. அதைத் துடைத்த துணி தவறிக்கூட பெயின்ட் பக்கம் வரக்கூடாது.

காலையில் பனி இறங்கிய காரை அப்படியே துடைக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பனித் தண்ணீருக்கு அடியில் முந்தின நாள் தூசி இருக்கும். எவ்வளவு நல்ல டவலாக இருந்தாலும் அந்தத் தூசியை இழுத்துக்கொண்டு போய்க் கீறல் போடும். அவசரமாகக் கிளம்ப வேண்டுமென்றால் முன், பின் கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் மட்டும் வேறொரு துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

துவைப்பதற்கு வருவோம். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் லிக்விட் டிடர்ஜென்ட், அவ்வளவு போதும். நம் ஊர்க் குளிர்ந்த தண்ணீரில் பவுடர் முழுதாகக் கரையாது, இழைக்குள் துகளாகத் தங்கிவிடும். துணிக்கு வாசனைக்காகப் போடும் கண்டிஷனர் கூடவே கூடாது. கீற்றுகளின் மேல் அது ஒரு படலமாகப் படிந்துவிடும், அப்புறம் டவல் தண்ணீரை இழுக்காது. கேட்டவரின் டவலுக்கும் அனேகமாக இதுதான் நடந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர் விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிப் பாருங்கள், பெரும்பாலும் மீண்டுவிடும். ப்ளீச் வேண்டாம். பருத்தித் துணிகளோடும் சேர்த்துப் போடாதீர்கள், அவற்றின் பஞ்செல்லாம் இதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, இதை ஓடையில் துவைக்காதீர்கள். பாலியஸ்டர் என்றால் பிளாஸ்டிக்தான், ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிய இழைகள் உதிரும். குன்னூர் ஆறு பவானியில் போய்ச் சேர்கிறது, அந்தத் தண்ணீரைக் கீழே எத்தனையோ ஊர்கள் குடிக்கின்றன.

காயவைப்பதுதான் மலையில் பாதி வேலை. கையால் பிழிவதோடு விடாமல், வாஷிங் மெஷினில் இரண்டு முறை ஸ்பின் மட்டும் போடுங்கள், பாதி ஈரம் அங்கேயே போய்விடும். பிறகு மடிக்காமல், ஒரு ஓரத்தை மட்டும் கிளிப்பில் மாட்டி, காற்று வருகிற கூரையடியில் தொங்கவிடுங்கள். வேலி மேலோ செடி மேலோ விரிக்க வேண்டாம். சில்வர் ஓக் சருகுத் துணுக்கு ஒன்று இழை வளையத்துக்குள் சிக்கினால் கையால் எடுப்பது பெரும்பாடு, எடுக்காமல் விட்டால் அடுத்த முறை அதுவே கீறும். விறகடுப்புக்கு மேலே கட்டிய கொடியிலும் போடாதீர்கள், கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். ரூம் ஹீட்டர் இருக்கும் அறையில் தள்ளித் தொங்கவிடலாம், ஹீட்டர் மேலேயே போட்டால் இழை நுனி உருகிச் சொரசொரப்பாகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். மழை மாதங்களில் முழுதாகக் காய்ந்ததா என்று தெரிய, துணியை நான்காக மடித்து நடுவில் கன்னத்தை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதை டிக்கியில் சுருட்டி வைக்காதீர்கள்.

துவைத்த பிறகும் உள்ளங்கையில் சொரசொரவென்று பட்டால் அதற்குப் பெயின்டிலிருந்து ஓய்வு கொடுத்து, கதவு இடுக்குக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு சக்கரத்துக்கு. மூலையில் மார்க்கரால் ஒரு குறி போட்டு வைத்தால் வீட்டில் வேறு யார் எடுத்தாலும் மாறிப்போகாது.