பால்புதுமையினர் நூல்களுக்கு மதிப்புரை எழுதுதல்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஆத்தூர்): திருநங்கையர், தன்பாலீர்ப்பினர் முதலிய பால்புதுமையினரைப் பற்றித் தமிழில் எந்த நூல்களிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

பதில்: நம் மண்ணிலிருந்தே தொடங்குங்கள். திருநங்கை எழுத்தாளர் ரேவதி நாமக்கல் பகுதியைச் சேர்ந்தவர். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை அப்பகுதி சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2004இல் வெளிவந்த அவருடைய ‘உணர்வும் உருவமும்’ பல திருநங்கையரின் வாழ்க்கையைப் பதிவுசெய்த தொகுப்பு. அதை முதலில் வாசித்துவிட்டு அவருடைய தன்வரலாறான ‘வெள்ளை மொழி’க்குச் சென்றால், பிறர் கதைகளைப் பொறுமையாகக் கேட்டவர் தம் கதையை எப்படிச் சொல்கிறார் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2007இல் வந்த, திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறான ‘நான், வித்யா’வையும் தவறவிடாதீர்கள்.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம்): நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவள் அல்லள். இந்நூல்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா, அம்மா?

பதில்: நிச்சயமாக உண்டு. ஆனால் ‘கண்ணீர் வரவழைத்தது’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். ஒரு திருநங்கையின் தன்வரலாற்றுக்கு வரும் மதிப்புரைகளில் பெரும்பாலும் அவர் பட்ட அடிகளும் அறுவைச் சிகிச்சையும் மட்டுமே பேசப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எந்த நிகழ்வை விரிவாகச் சொல்கிறார், எதை ஒரே வரியில் கடக்கிறார், தாயின் பேச்சை எந்த வட்டார வழக்கில் எழுதுகிறார் என்பதையெல்லாம் கவனிக்காமல் துயரத்தை மட்டும் எடுத்துக்காட்டினால், எழுத்தாளராக வந்தவரை வெறும் சாட்சியாக நிறுத்திவிடுகிறோம். உங்கள் மதிப்புரையில் அவருடைய உடலைப் பற்றிய பத்தியை நீக்கிப் பாருங்கள். மீதமிருப்பது நூலைப் பற்றிச் சொல்லப் போதுமானதாக இருக்க வேண்டும்.

கேள்வி (ஓமலூர்): நூல் பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுதலாமா? அச்சமூகத்துக்கு எதிரானவன் என்று எண்ணிவிட மாட்டார்களா?

பதில்: எழுதுங்கள். சலுகை காட்டிப் பாராட்டுவதும் ஒருவகை அவமதிப்புதான். இரு பெண்களின் காதலைச் சொல்லும் கதையில், குடும்பம் மனம் திருந்துவதற்காகவே ஒருத்தியைச் சாகடித்திருந்தால், அந்த முடிவு கதையிலிருந்து இயல்பாக எழுந்ததா, ஆசிரியரின் வசதிக்காகத் திணிக்கப்பட்டதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. குறை சொல்லும் இடத்தில் நூலிலிருந்தே சான்று காட்டுங்கள்.

கேள்வி (ஏற்காடு): புனைபெயரில் தன்பாலீர்ப்புக் கதைகள் எழுதுபவர் யார் என்று எனக்குத் தெரியும். மதிப்புரையில் குறிப்பிடலாமா?

பதில்: கூடாது. ஊரையோ வேலையையோ சொல்லி உணர்த்தவும் கூடாது. மலையில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். வயது வந்தோர் இருவர் மனமொத்து வாழும் தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது உண்மைதான். எனினும் வீட்டில் திருமணத்துக்கு நெருக்குவதையும், வாடகை வீடு மறுக்கப்படுவதையும் அத்தீர்ப்பால் மட்டும் தடுத்துவிட முடியவில்லை. தம்மைப் பற்றி எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி (ஆத்தூர்): நூலில் தற்கொலை, வன்முறை ஆகியவை வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

பதில்: ஆம், தொடக்கத்தில் ஒரே வாக்கியத்தில், விவரிக்காமல் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.