கெக் வாங்கியாச்சு, குழாய்?

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற நம் ஆட்கள் பலர், பாட்டில் கழுவி மூடி அடித்து அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் கெக்குக்கு, அதாவது பீர் நிரப்பி வைக்கும் உலோகப் பீப்பாய்க்கு, மாறிவிடுகிறார்கள். கெக், பீரை வெளியே தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அதன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, குழாய் விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள். வந்த கேள்விகளில் அதைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை கராஜில் வைத்து, அதற்குள் 5 கேலன் கெக் இரண்டு வைக்கப்போகிறேன். கதவில் துளை போட்டுக் குழாய் மாட்ட எண்ணம். குரோம் குழாய் மலிவாகக் கிடைக்கிறது. பார்க்க அதே மாதிரி இருக்கும் ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு இரண்டு மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். இரண்டிலும் வருவது ஒரே பீர்தானே? (ஆஸ்டின், டெக்ஸாஸ்)

பதில்: முதல் வாரம் ஒரே பீர்தான். வித்தியாசம் அப்புறம்தான் தெரியும்.

மலிவுக் குழாய் உள்ளே பித்தளை, மேலே குரோமிய முலாம். பீர் புளிப்புத்தன்மை உள்ள பானம். அதன் பிஎச் அளவு 4-ஐ ஒட்டி இருக்கும். நாளாக நாளாக, பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, மூக்கின் உட்புறத்தில் முலாம் போய்விடும். அதன் பிறகு பீர் பித்தளையில் பட்டுத்தான் வெளியே வரும். முதல் மடக்கில் ஒரு உலோக வாசம் அடித்தால் காய்ச்சியதில் குறை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பித்தளை வகைகள் பலவற்றில் கொஞ்சம் ஈயமும் உண்டு என்பது இன்னொரு காரணம்.

ஆனால் உலோகத்தைவிடப் பெரிய விஷயம், அடைப்பு எங்கே இருக்கிறது என்பது. சாதாரணக் குழாயில் ரப்பர் வாஷர் பின்னால், கதவை ஒட்டி இருக்கும். கைப்பிடியைத் தள்ளி மூடியதும் வாஷருக்கு முன்னால் உள்ள பகுதி காலியாகும், ஆனால் ஈரம் போகாது. வெளிக்காற்று மூக்கு வழியாக உள்ளே வரும். ஒட்டியிருக்கும் பீர் காய்ந்து பாகு மாதிரி இறுகும். நாலு நாள் கழித்துக் கைப்பிடியை இழுத்தால் அசையாது. பலமாக இழுப்பீர்கள், சட்டென்று திறந்து சட்டையெல்லாம் பீர். பாரில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே இரவு முழுக்க யாராவது ஊற்றிக்கொண்டே இருப்பதால் காயவே நேரம் இல்லை. வீட்டில் வெள்ளிக்கிழமை திறந்தால் அடுத்து புதன்கிழமைதான். அதனால் பாரில் பார்த்த குழாயை அப்படியே வீட்டுக்கு வாங்காதீர்கள்.

முன்பக்க அடைப்பு உள்ள குழாயில் ரப்பர் வளையம் மூக்குக்கு அருகிலேயே இருக்கும். மூடியபின் அது வரைக்கும் பீர் நிரம்பி நிற்கும், காற்றுக்கு வேலை இல்லை, கைப்பிடியும் ஒட்டாது. மில்வாக்கியின் பெர்லிக் நிறுவனத்தின் 630எஸ்எஸ் இந்த வகையில் பலரும் வாங்குவது. இன்டர்டேப், நியூக்காடேப் இரண்டும் இதே வகைதான். அவற்றில் மூக்கைத் தனியாகக் கழற்றி வேறு மூக்கு மாட்டலாம், வீட்டுக்கு எடுத்துப்போகும் பெரிய பாட்டில் நிரப்புவதற்கென்றே ஒரு நீள மூக்கு உண்டு. நண்பர் வீட்டுக்கு அடிக்கடி பீர் எடுத்துப்போகிறவர் என்றால் இவை. சும்மா டம்ளரில் பிடித்துக் குடிக்கிறவர் என்றால் பெர்லிக்கே போதும்.

வாங்கும்போது விவரத்தில் "304 ஸ்டெயின்லெஸ்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "ஸ்டெயின்லெஸ் ஃபினிஷ்" என்று இருந்தால் அது நிறம் மட்டும்தான். காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது, 304-உம் அநேகமாக ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையால் பயன் இல்லை.

இன்னொன்று. குழாயை ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்கிவிட்டு, கதவுக்குள் போகிற ஷாங்க் என்ற தண்டைக் குரோமில் வாங்குகிறவர்கள் ஏராளம். பீர் ராத்திரி முழுக்கத் தங்கியிருப்பது அந்தத் தண்டுக்குள்தான். செலவழிப்பதென்றால் இரண்டுக்கும் சேர்த்துச் செலவழியுங்கள்.

அவ்வளவு பணம் இப்போது இல்லையா? சில டாலருக்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் பிக்னிக் குழாயைக் கெக்கிலேயே மாட்டி, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பிடியுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் முழுக்க உள்ளேயே குளிர்ந்து இருப்பதால் பீர் ஒழுங்காக வரும். குரோம் குழாயைவிட இதற்கே என் ஓட்டு. காசு சேர்ந்ததும் நல்லதை வாங்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் டம்ளரில் பாதிக்கு நுரைதான். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த குழாய் வாங்கினால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கட்டுமா சார்? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அடுத்தடுத்து மூன்று டம்ளர் பிடித்துப் பாருங்கள்.

முதல் டம்ளர் மட்டும் நுரைத்து, அடுத்த இரண்டும் நன்றாக வந்தால், குழாயும் அதன் பின்னால் உள்ள டியூபும் சூடாக இருக்கிறது என்று அர்த்தம். மேசைமேல் நிற்கும் டவர் வகையாக இருந்தால் இது சகஜம். டவருக்குள் குளிர்காற்றை ஊதும் சின்ன ஃபேன் வைத்தால் தீரும்.

மூன்றுமே நுரைத்தால் குறை டியூபிலோ அழுத்தத்திலோ வெப்பத்திலோ இருக்கிறது. 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 10 முதல் 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வைத்தால் சாதாரண ஏல் வகை பீருக்குச் சரியாக இருக்கும். ஃப்ரிட்ஜின் டயலை நம்பாமல், ஒரு டம்ளர் தண்ணீரை ராத்திரி உள்ளே வைத்துக் காலையில் தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். அடுத்தது டியூபின் நீளம். கிட்டில் வருவது பெரும்பாலும் 4, 5 அடிதான். பதினாறில் மூன்று பங்கு (3/16) அங்குல உள்விட்டமுள்ள வினைல் டியூப் அடிக்கு சுமார் 3 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கிக் குறைக்கும் என்ற பார் கணக்கில் வந்த நீளம் அது. பார் கணக்கு நிமிடத்துக்கு ஒரு கேலன், அதாவது 8 வினாடிக்குள் ஒரு பைன்ட். வீட்டில் அந்த அவசரம் யாருக்கு? அதே டியூபை 10 அடி வாங்கிச் சுருட்டி கெக் மேல் வையுங்கள். பத்துப் பதினைந்து டாலரில் முடிகிற காரியம்.

கைப்பிடியைப் பாதி திறந்து மெதுவாகப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பாதித் திறப்பில்தான் அதிகம் நுரைக்கும். முழுக்கத் திற, முழுக்க மூடு.

திருகு வைத்த குழாய் வீண் என்று சொல்லவில்லை. ஒரே ஃப்ரிட்ஜில் ஒரு கெக்கில் சாதாரண ஏல், இன்னொன்றில் வாயு தூக்கலான ஜெர்மன் கோதுமை பீர் என்று வைக்கிறவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆனால் சூடான கெக்கை அது குளிரவைக்காது.

கேள்வி: வெளிநாட்டு இணையக் கடையில் பாதி விலைக்கு ஒரு குழாய் வாங்கினேன். இங்கே வாங்கிய தண்டில் ஏறவே மாட்டேன் என்கிறது. (சான் ஹோசே)

பதில்: ஏறாது. அமெரிக்கக் குழாய்களின் மரை 1⅛ அங்குலம், அங்குலத்துக்கு 18 சுற்று. ஐரோப்பிய வகைகள் பலவற்றில் மரையே வேறு. இதற்கு அடாப்டர் தேடி அலைவதைவிட, திருப்பி அனுப்ப வழி இருந்தால் அனுப்பிவிடுங்கள். கைப்பிடிக்கு அந்தத் தலைவலி இல்லை. இங்கே விற்கும் குழாய்களில் ⅜ அங்குல மரைதான் பொது, எந்தக் கம்பெனி கைப்பிடியும் ஏறும். தண்டு வாங்கும்முன் கதவின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். உள்பக்கம் நட்டு இறுக்க இடம் மிஞ்ச வேண்டும்.

கேள்வி: ஃப்ரிட்ஜுக்குப் பதில் செஸ்ட் ஃப்ரீசர் இருக்கிறது. பக்கச் சுவரில் துளை போட்டுக் குழாய் வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. குளிர்பதன வாயு ஓடும் குழல்கள் அந்தச் சுவருக்குள்தான் இருக்கின்றன. டிரில் பட்டால் ஃப்ரீசரின் கதை முடிந்தது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் மரச்சட்டம் ஒன்று அடித்து, குழாயை அந்தச் சட்டத்தில் வைப்பதுதான் வழக்கம். தனியாக வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்க வேண்டும், இல்லையென்றால் பீர் உறைந்துவிடும்.

கேள்வி: மூடிய பார் ஒன்றின் பழைய குழாய்களை ஒருவர் மொத்தமாக விற்கிறார். எடுக்கலாமா?

பதில்: செல்போன் டார்ச்சை மூக்குக்குள் அடித்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் முலாம் போன பித்தளை, வேண்டாம். உள்ளேயும் வெள்ளையாக இருந்து, ஸ்டெயின்லெஸ்தான் என்று உறுதியானால் எடுக்கலாம். ஆனால் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். உதிரி வளையம் கிடைக்காத மாடல் என்றால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: கின்னஸ் மாதிரி நுரை இறங்குகிற பீரும், அப்படியே குளிர்ந்த ஃபில்டர் காபியும் ஒரே குழாயில் கிடைக்கும் என்கிறார்களே? (சிகாகோ)

பதில்: கிடைக்கும், ஆனால் குழாயின் விலையை மட்டும் பார்த்து இறங்காதீர்கள்.

ஸ்டவுட் (கின்னஸ் போன்ற கறுப்பு பீர்) குழாய்க்குள் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் ஊசித் துளைகள் ஐந்து. பீர் அந்தத் துளைகளில் நெருக்கியடித்து வெளியே வரும்போதுதான் அந்த வெண்ணெய் போன்ற நுரை. அதற்கு 75 பங்கு நைட்ரஜன், 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு வேண்டும், 30 முதல் 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில். உங்களிடம் இருக்கும் ரெகுலேட்டர் அந்தச் சிலிண்டரில் பொருந்தாது; வால்வின் மரையே வேறு. ஆக, இன்னொரு சிலிண்டர், இன்னொரு ரெகுலேட்டர், அப்புறம்தான் குழாய். மாதம் ஒரு தடவை ஸ்டவுட் குடிக்கிறவருக்கு இது கட்டுப்படியாகாது.

காபிக்கு சுத்த நைட்ரஜன்தான் நல்லது. கார்பன் டை ஆக்சைடு கலந்தால் புளிக்கும். டிகாஷனை மட்டும் கெக்கில் ஊற்றுங்கள், ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வைக்காதீர்கள். பாலும் சர்க்கரையும் டம்ளரில்தான். ஒரு முறை காபி ஓடிய டியூபையும் வளையங்களையும் காபிக்கே ஒதுக்கிவிடுங்கள், ரப்பரில் ஏறிய அந்த வாசம் இறங்காது.

கேள்வி: குழாயைக் கழுவ எத்தனை நாளைக்கு ஒருமுறை கழற்ற வேண்டும்? ஸ்பேனர் போட்டால் இன்னும் இறுகுகிறது.

பதில்: திசை தப்பு. மரை குழாயின் பின்பக்கம் இருப்பதால், முன்னால் நின்று பார்க்கிற நமக்கு எல்லாம் தலைகீழ். கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். அதற்கு முன் வாயுவையும் பீர் லைனையும் (பீர் வரும் டியூப்) கெக்கிலிருந்து கழற்றி, குழாயைத் திறந்து மிச்சத்தை வடித்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பீர் லைனுக்கான காரக் கரைசல் விட்டுக் கழுவுவது பார்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. வீட்டில் கெக் தீரும் ஒவ்வொரு தடவையும் கழுவினாலே பெரும்பாலும் சரியாக இருக்கும், கெக் ஒன்று மாதக்கணக்கில் ஓடுகிற வீடு என்றால் இரண்டு வாரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது வளையங்களில் உணவுத் தரமுள்ள சிலிகோன் கிரீஸ் துளி தடவினால் போதும். வாசலின் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். வெயில் காலத்தில் மூக்குக்கு ஒரு மூடியும் போட்டுவையுங்கள், பழ ஈக்கள் நேரே அதற்குள்தான் போய் உட்காரும்.

கேள்வி: அடுத்த வருடம் சென்னைக்கே திரும்புகிறோம். இந்தக் குழாய், கெக் எல்லாவற்றையும் எடுத்துப்போகலாமா?

பதில்: சாமானை எடுத்துப்போகலாம், தொழிலை எடுத்துப்போக முடியாது. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1978-இல் வந்த மாற்றத்தால்தான் பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை, விற்காமல், வரியில்லாமல் காய்ச்ச முடிகிறது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்றாலும்.

ஆனால் சோடாவுக்கு யார் தடை சொல்வார்கள்? பன்னீர் சோடா, எலுமிச்சை சோடா எல்லாம் இதே கெக்கில் போடலாம். சிலிண்டரை இங்கேயே விற்றுவிடுங்கள். ரெகுலேட்டர் அங்கே பொருந்தும் என்று நம்பி எடுத்துப்போக வேண்டாம், அதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கெக், ஸ்டெயின்லெஸ் குழாய், தண்டு, உதிரி வளையங்கள் இரண்டு செட், இவை போதும். சோடாவுக்கு 30 பிஎஸ்ஐ பக்கம் அழுத்தம் வேண்டியிருக்கும் என்பதால் 10 அடி டியூப் பத்தாது, அதைப்போல இரண்டு மடங்காவது வாங்குங்கள். மேலே எடிசன் வாசகருக்கு வேண்டாம் என்று சொன்ன திருகுக் குழாயை நீங்கள் தாராளமாக வாங்கலாம்.