மீன்பாடி வண்டியை நிறுத்திவைத்து எடுக்காதீர்கள்

படமெடுப்பது பற்றிய இந்தப் பத்திக்கு இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ராயபுரம், காசிமேடு, பாரிமுனை என்று வடசென்னையிலேயே சுற்றின. நானும் தண்டையார்பேட்டைக்காரன்தான், அதனால் மற்ற ஊர்க் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ராயபுரம் ரயில் நிலையத்தைப் போனில் எடுத்தால் கட்டடம் பின்னால் சாய்வதுபோல வருகிறது. தூண்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. போன் கோளாறா, என் கோளாறா? (கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை)

போன்மேல் பழி போடாதீர்கள். கிட்டே போய் நின்றுகொண்டு, உச்சி தெரியவில்லையே என்று போனை அண்ணாந்து பிடிக்கிறீர்கள், தப்பு அங்கேதான். போனின் முதுகு கட்டடத்துச் சுவரோடு ஒட்டினாற்போல் நேராக இருக்கும்வரை தூண் தூணாகவே நிற்கும், கொஞ்சம் சாய்த்தாலும் மேல்பக்கம் சுருங்கத் தொடங்கிவிடும். எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னால் வாருங்கள், போனை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். கீழ்ப்பாதி முழுக்க ரோடாக வரும், வரட்டும், வீட்டுக்குப் போய் வெட்டிக்கொள்ளலாம். எதிரே மாடி ஏற யாராவது அனுமதித்தால் இன்னும் நல்லது. 0.5 என்று காட்டுகிற அகல லென்ஸ் பக்கம் போகாதீர்கள், ஓரத்தில் இருக்கிறவர்களையெல்லாம் குண்டாக்கிவிடும். எடிட்டிங்கில் சாய்வை நிமிர்த்தலாம்தான், ஆனால் நிமிர்த்தும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்படும், எடுக்கும்போதே அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

வேறு கட்டடமாக இருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பம்பாயிலும் ஹவுராவிலும் இதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது, ஆனால் அங்கே முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. நாட்டில் இன்னும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் மூத்தது நம்முடையதுதான், அதன் அழகு முழுக்க அந்தத் தூண் வரிசையில் இருக்கிறது. அதைப் போய்ச் சாய்த்து எடுக்கலாமா? அப்புறம் இன்னொன்று, முன்னால் ஆட்டோ நிற்கிறதே என்று காத்திருக்காதீர்கள். ஆட்டோ இருந்தால்தான் தூண் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவனுக்குத் தெரியும்.

கேள்வி: மீன்பாடி வண்டி ஓடுகிற மாதிரி எடுக்க ஆசை. ஒன்று வண்டி நின்றமாதிரி வருகிறது, இல்லாவிட்டால் எல்லாமே கலங்கிவிடுகிறது. ஒருவரை நிறுத்தி எடுத்தேன், உயிரே இல்லை. (வாசகர், காலடிப்பேட்டை)

நிறுத்தினால் உயிர் எங்கிருந்து வரும்? அந்த வண்டியே சத்தமும் அவசரமும்தானே. மூன்று சக்கரம், ஒரு பலகை, எங்கோ ஆயுள் முடிந்த ஸ்கூட்டரின் இன்ஜின், பலகைமேல் மீன் கூடைகள், பின்னாலேயே ரோட்டில் கோடு போட்டுக்கொண்டு வரும் ஐஸ் தண்ணீர். ஓட்டுகிறவர் கையைக் காட்டித் திரும்புகிற அழகை வேறு எந்த வண்டியிலும் பார்க்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். ரோட்டோரம் கால் அகட்டி நின்று, வண்டி தூரத்தில் வரும்போதே காமிராவால் அதைப் பிடித்துவிடுங்கள், இடுப்பைத் திருப்பி அதே வேகத்தில் கூடவே வாருங்கள், உங்களுக்கு நேர் எதிரே வரும்போது அழுத்துங்கள், அழுத்தியபிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். பாதிப் பேர் அழுத்தியதும் விறைத்து நின்றுவிடுகிறார்கள், அதனால்தான் கலங்குகிறது. ஷட்டர், அதாவது வெளிச்சம் உள்ளே விழுகிற நேரம், 1/30 வினாடி வைத்துத் தொடங்குங்கள், கை பழகினால் 1/15. வண்டி தெளிவாகவும் பின்னால் இருக்கும் கடையெல்லாம் கோடுகோடாகவும் வரும். இருபது எடுத்தால் ஒன்று தேறும், எனக்கும் அதே கணக்குதான்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான போன்களில் லென்ஸின் திறப்பைச் சுருக்க முடியாது. பட்டப்பகலில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணர்கிற அளவை, 50-க்கு இறக்கினாலும் ஷட்டருக்குத் தேவை ஏறக்குறைய 1/4000 வினாடி. அங்கே 1/30 வைத்தால் வெள்ளைத்தாள்தான் வரும். அதனால் சூரியன் இறங்குகிற நேரம், இல்லாவிட்டால் நல்ல மேகமூட்டம். நாலு மணி வெயிலில் முயற்சி செய்துவிட்டுப் போனைத் திட்டி எனக்கு எழுதாதீர்கள்.

இன்னொரு விஷயம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நம்பர் பிளேட் கிடையாது. யாரோ ஒருவன் காமிராவோடு நின்றால் ஓட்டுகிறவருக்கு முதலில் போலீஸ் ஞாபகம்தான் வரும். முந்தின நாளே அவர்கள் டீ குடிக்கிற இடத்தில் போய், 'அண்ணே, நாளைக்கு நீங்க போறப்ப ஒரு படம் எடுத்துக்கட்டுமா' என்று கேட்டு வையுங்கள். முகம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முதுகும் பேசும்.

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாக்களை எடுக்கப் போனால் திட்டுகிறார்கள். ஒருவர் மீன் கழுவிய தண்ணீரையே ஊற்றிவிட்டார். (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

ஊற்றத்தான் செய்வார்கள். விடியற்காலை ஏலத்துக்கு வந்து, தூக்கமில்லாமல், கையெல்லாம் செதிலோடு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் யாரோ வந்து மூஞ்சிக்கு நேரே லென்ஸை நீட்டினால் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வடசென்னை என்றாலே அழுக்கு, ஏழ்மை, முறைப்பு என்று கருப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டிக்கு அனுப்புகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் செய்துவிட்டுப் போனதற்கும் சேர்த்துத்தான் உங்கள்மேல் ஊற்றியிருக்கிறார்கள். கலரிலேயே எடுங்கள், தயவுசெய்து. சங்கரா மீனின் சிவப்பைக் கருப்பு வெள்ளையில் எடுத்து என்ன கண்டோம்?

முதலில் மீன் வாங்குங்கள், இரண்டு வாரம் வெறும் மீன் மட்டும். மூன்றாவது வாரம் கேளுங்கள். நான் அப்படித்தான் ஒரு மீன் வெட்டும் அக்காவை எடுத்தேன், அடுத்த ஞாயிறே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார். 'கத்தி நல்லா விழுந்திருக்கு. நான்தான் தூங்குமூஞ்சியா விழுந்துட்டேன், இன்னொருவாட்டி எடு' என்றார். அந்த 'இன்னொருவாட்டி'க்குப் பிறகு அந்த வரிசையில் யாரும் என்னை எதுவும் சொன்னதில்லை. பக்கத்துக் கடைக்காரர்தான் அவரை மட்டும் எடுக்கவில்லை என்று இன்றுவரை குறைப்படுகிறார்.

விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கருப்புப் பட்டைகள் விழுகின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் பெரும்பாலும் பட்டை போய்விடும்.

கூட்டமே வேண்டாம், படகு மட்டும் போதும் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போங்கள். மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில்தான் இருக்கும். சுரண்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள், பேசவும் அவர்களுக்கு நேரமிருக்கும். ஆனால் வருமானம் இல்லாத இரண்டு மாதம் அது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு பேச்சுக்கொடுங்கள்.

கேள்வி: பாரிமுனைப் பக்கம் பழைய கட்டடங்களை எடுக்க எந்த நேரம் சரி? (வாசகர், வியாசர்பாடி)

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள். ராஜாஜி சாலையில் 1884-ல் வந்த ஜி.பி.ஓ.வும் அதே வரிசையில் இருக்கிற ஸ்டேட் பேங்க் கட்டடமும் கிழக்கே, துறைமுகத்தைப் பார்த்து நிற்கின்றன. காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும், செங்கல் நிறம் அப்போதுதான் செங்கல் நிறமாகத் தெரியும். மத்தியானத்துக்குமேல் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும், வெளுத்த வானமும் இருட்டுச் சுவரும்தான் மிஞ்சும். கட்டடத்தைப் பார்த்து எடுங்கள், திரும்பித் துறைமுக கேட் பக்கம் காமிராவை நீட்டாதீர்கள். அது காவல் போட்ட இடம். ஹைகோர்ட் வளாகத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் வேண்டாம். வெளியே ரோட்டிலிருந்து பார்த்தாலே கோபுரங்கள் தெரியும், போதும்.

கேள்வி: ஐம்பதாயிரத்துக்கு என்ன காமிரா வாங்கலாம்? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

பாதி விலைக்குப் பழைய காமிரா ஒன்று, 35 அல்லது 50 எம்எம் லென்ஸ் ஒன்று. வாங்குமுன் போன் டார்ச்சை லென்ஸுக்குப் பின்னாலிருந்து அடித்து முன்னால் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அது ஃபங்கஸ்.

கேள்வி: அதே ஃபங்கஸ்தான் சார் எனக்கும். வீடு கடலிலிருந்து நாலு தெரு. காமிராவை அதன் தோல் பையிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். (வாசகர், எண்ணூர்)

பத்திரமாக வைத்ததுதான் வினை. தோல் பை ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், இருட்டும் சேர்ந்துவிட்டது, ஃபங்கஸுக்கு வேறென்ன வேண்டும்? ரப்பர் வளையம் போட்ட, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல நிறத்தில் வரும், ஈரம் குடித்ததும் ரோஸ் ஆகிவிடும், சூடாக்கினால் மறுபடி நீலம். அரிசிக்குள் புதைக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், தூசிதான் ஏறும். எல்லாவற்றையும்விட, வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பயன்படுத்துங்கள். இப்போது இருக்கும் லென்ஸைப் பிரித்துத் துடைத்துத் தருவார்கள், ஆனால் பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. கடற்கரையில் எடுத்த அன்றைக்குக் காமிராவை ஈரம் பட்ட துணியால் வெளியே துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள். உப்பு சும்மா இருக்காது.

கேள்வி: நான் எடுத்த படத்தை ஒரு கடைக்காரர் கேட்காமலேயே காலண்டரில் போட்டுவிட்டார். வாட்ஸ்அப்பில் வந்ததாம். கேட்டால், 'பில்டிங் உன்னுதா?' என்கிறார். (வாசகர், புதுவண்ணாரப்பேட்டை)

பில்டிங் உங்களுடையது இல்லை, படம் உங்களுடையது. நம் காப்பிரைட் சட்டப்படி படத்தை எடுத்தவர்தான் முதல் உரிமையாளர், எங்கேயும் பதிவு செய்யத் தேவையில்லை, உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருஷமும் உரிமை உண்டு. காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படம், சம்பளத்துக்கு எடுத்த படம் என்றால் கதை வேறு. கட்டடத்தைப் படமெடுப்பதையும் அதே சட்டம் அனுமதிக்கிறது. எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், ஒரிஜினல் ஃபைலை அழித்துவிடாதீர்கள், தேதி நேரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த விவரமெல்லாம் கழன்றுவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் இருக்கும். எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. என் படகுப் படம் ஒரு கடையின் போர்டில் இடவலம் மாறித் தொங்கியது, படகின் நம்பரும் கண்ணாடியில் பார்த்தமாதிரி. பணம் கேட்கக்கூடத் தோன்றவில்லை, திருப்பிப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

கேள்வி: அப்பா பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்தவர். ஆக்ஃபா கிளிக் 3 காமிராவில் அவர் எடுத்த நெகட்டிவ் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது. திறந்தால் புளிக்காடி வாசனை அடிக்கிறது. தூக்கிப்போடச் சொல்கிறார்கள். (வாசகி, ஓட்டேரி)

தூக்கிப்போட்டால் நான் பேசமாட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் முதலில் எழுதினேன்.

அந்த வாசனை ஃபிலிமின் அடித்தாளான அசிடேட் சிதைவதால் வருவது. தொடங்கிவிட்டால் திருப்ப முடியாது, வேகத்தைத்தான் குறைக்கலாம், ஒன்றிலிருந்து மற்றதற்கும் பரவும். இன்றைக்கே டின்னிலிருந்து வெளியே எடுங்கள், வாசனை அதிகமாக அடிப்பதைத் தனியாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றையும் வெள்ளைக் காகித உறையில் போட்டுக் காற்றாடும் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். வளைந்து சுருண்டிருப்பதை அமுக்கி நேராக்காதீர்கள், உடைந்துவிடும்.

அப்புறம் படியெடுப்பது. கிளிக் 3-ல் ஒரு ரோலுக்கு 12 படம், சதுரமாக, நல்ல பெரிய நெகட்டிவ், அதனால் போனே போதும். இன்னொரு போனிலோ டேப்லெட்டிலோ வெள்ளைத் திரை வைத்து, அதற்குமேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் நெகட்டிவைப் பிடித்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழாது. அறை விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள், எடிட்டிங்கில் நிறத்தைப் புரட்டிப்போடுங்கள்.

அந்த மில் 1996-ல் மூடிவிட்டது, இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் தொடங்கியபோது சுற்றிச் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி இந்த மில் தொழிலாளிகள். கட்டடத்தை வெளியிலிருந்து எடுத்த படம் எங்கேயாவது கிடைக்கும். ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நிற்கிறவர்கள், சாப்பாட்டுத் தூக்கு, கேன்டீன் பெஞ்சு, இதெல்லாம் உள்ளே வேலை பார்த்தவர் எடுத்திருந்தால்தான் உண்டு. உங்கள் அம்மா இருக்கிறாரா? இருந்தால் படியெடுத்ததை அவரிடம் காட்டி, யார் யார் என்று கேட்டுப் பென்சிலால் உறைமேல் எழுதுங்கள். அப்பாவின் பழைய சிநேகிதர்கள் யாராவது ஓட்டேரியிலோ புளியந்தோப்பிலோ இருப்பார்கள், அவர்களிடமும் போங்கள். நெகட்டிவைவிட அவர்களுக்குத்தான் அவசரம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையே காமிராவைத் தூக்கிக்கொண்டு கன்டெய்னர் லாரியையும் குப்பை வண்டியையும் படமெடுக்கப் போய்விடுகிறார். உங்கள் பத்தியைப் படித்துத்தான் கெட்டுப்போனார். என்ன செய்வது? (வாசகி, திருவொற்றியூர்)

தப்பு என்னுடையதுதான். திரும்பும் வழியில் காசிமேட்டில் ஒரு கிலோ சங்கரா வாங்கி, அங்கேயே வெட்டிக் கழுவி எடுத்துவரச் சொல்லுங்கள். பத்து மணிக்குள் வரவில்லை என்றால் எழுதுங்கள், அவருடைய படங்களை இந்தப் பத்தியில் போடமாட்டேன்.