லோவெல் ஆலைகளில் கூலி குறைந்தது புலம்பெயர்ந்து வந்தவர்களாலா?

"அமெரிக்காவில் ஆலைகள் பெருகத் தொடங்கிய காலத்தில், வெளிநாட்டவர் வந்து குறைந்த கூலிக்கு உழைத்ததால்தான் உள்ளூர்த் தொழிலாளர்களின் நிலை சீரழிந்தது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று ஆண்டுவாரியாகப் பார்த்தால், அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

மெரிமாக் ஆற்றின் நீர்விசையை நம்பி 1820-களில் எழுந்த லோவெல் பஞ்சாலைகளில் தறி ஓட்டியவர்கள், பெரும்பாலும் சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த மணமாகாத இளம்பெண்கள். நிறுவனத்தின் விடுதியிலேயே தங்கி, மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உண்டு, வாரத்திற்குச் சுமார் 73 மணி நேரம் உழைத்தார்கள். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துவிடும் என்பதால் கோடையிலும் சன்னல்களைத் திறக்க விடுவதில்லை. தறியில் குறுக்குநூலை இழுத்துச் செல்லும் நாடாவில் புதுத் தார் (நூல் சுற்றிய குழல்) மாட்டும்போதெல்லாம், நாடாவின் சிறு துளையில் வாய் வைத்து நூல் நுனியை உறிஞ்சி வெளியே எடுக்க வேண்டும். நூலோடு பஞ்சுத் தூசியும் உள்ளே போகும்.

அயர்லாந்திலிருந்து வந்து அந்நகரின் கால்வாய்களை வெட்டிய ஐரிஷ்காரர்களுக்கு ஆலைக்குள் அப்போது அநேகமாக இடமே இல்லை. ஆயினும் 1834-இல் நிர்வாகங்கள் கூலியைக் குறைத்தன. சுமார் 800 பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். 1836-இல் விடுதிக் கட்டணம் உயர்ந்தபோது மீண்டும் வெளிநடப்பு நடந்தது. மற்றவர்கள் தயங்கி நின்ற ஒரு கூடத்தில் முதலில் வெளியே நடந்தவள், ஹாரியட் ஹான்சன் என்ற 11 வயதுச் சிறுமி. அந்த ஆண்டில் லோவெலின் ஆலைகளில் ஒன்றான ஹாமில்டன் நிறுவனத்தின் ஆலையில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 100-க்கு 4 பேர்கூட இல்லை. கூலியைக் குறைக்க முதலாளிகளுக்கு அந்நியர் எவரும் தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

1840-களில் ஒருவர் பார்க்க வேண்டிய தறிகள் இரண்டிலிருந்து மூன்றாகவும் நான்காகவும் கூடின. உற்பத்தி கூடினால் மேற்பார்வையாளருக்கு ஊக்கத்தொகை கிடைத்தது. ஆலைத் தொழிலாளியான சாரா பேக்லி தலைமையில் பெண்கள் பத்து மணி நேர வேலைநாள் கேட்டு 1845-இல் சட்டமன்றத்திற்கு மனு கொடுத்தும் பயனில்லை. அந்தப் பெண்களுக்குத் திரும்பிப் போகத் தகப்பன் வீடு இருந்தது. ஆசிரியர் வேலையும் கிடைத்தது. எனவே பலர் விலகிப் போனார்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து, பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஐரிஷ் குடும்பங்களுக்கோ திரும்பிப் போக இடமில்லை. 1860-க்குள் அதே ஹாமில்டன் ஆலையில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்களாக இருந்தனர். இந்த இயலாமை நிர்வாகங்களுக்கு வசதியாக அமைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தது ஏற்கெனவே கசக்கிப் பிழியப்பட்ட ஒரு வேலைக்கு. அதைக் கெடுத்த பழியை அவர்கள்மேல் போடுவது அநியாயம்.

புலம்பெயர்ந்தவர்கள் எதையும் வாய்மூடி ஏற்றுக்கொள்வார்கள் என்ற பேச்சும் சரியல்ல. பக்கத்திலுள்ள லாரன்ஸ் நகரில் 1912 ஜனவரியில், வார வேலைநேரத்தைச் சட்டம் 56-லிருந்து 54 மணியாகக் குறைத்ததைச் சாக்காக வைத்து நிர்வாகங்கள் கூலியையும் குறைத்தபோது, இத்தாலியர், போலந்துக்காரர், லித்துவேனியர் எனப் பல மொழி பேசிய ஆயிரக்கணக்கானோர் கடுங்குளிரில் சுமார் இரண்டு மாதம் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வு பெற்ற பிறகே தறிகளுக்குத் திரும்பினார்கள்.