எக்செல் சூத்திரத்தில் உள்ள தவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

எக்செல் தாளில் மொத்தம் சரியாக வரவில்லை, ஆனால் பிழை எங்கே என்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் தயாரித்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

'வேல்யூ', 'ரெஃப்' என்று கட்டத்திலேயே எழுந்து நிற்கும் பிழைகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. எஃப்5 விசையை அழுத்தி, 'ஸ்பெஷல்' என்பதற்குள் சென்று, 'ஃபார்முலாஸ்' என்பதன் கீழ் 'எரர்ஸ்' என்பதற்கு மட்டும் குறியிட்டால், அத்தகைய கட்டங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் தேர்வாகிவிடும். 'ரெஃப்' என்றால், சூத்திரம் சுட்டிய வரிசையையோ நெடுவரிசையையோ யாரோ நீக்கியிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணம்.

எந்தப் பிழையும் காட்டாமல் தவறான விடையைத் தரும் சூத்திரம்தான் ஆபத்தானது. ஒருமுறை என் பட்டியலில் மொத்தம் 18,500 ரூபாய் குறைந்தது. ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தும் பிடிபடாமல், கடைசியில் அதே தொகை இருந்த கட்டத்தை உற்றுப் பார்த்தபோது, மற்ற எண்களெல்லாம் வலப்பக்கம் ஒட்டியிருக்க அது மட்டும் இடப்பக்கம் ஒட்டியிருந்ததையும், அதன் இடது மேல் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் இருந்ததையும் கண்டேன். எண் உரையாகப் பதிவாகியிருந்தது. கட்டங்களில் உள்ள உரையை, கூட்டுவதற்கான 'சம்' சூத்திரம் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். கூட்டல் குறியிட்டுக் கூட்டினாலோ அதே எண்ணைச் சேர்த்துக்கொள்ளும். எனவே இரண்டு விதமாகவும் கூட்டிப் பாருங்கள். விடை மாறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' பகுதியில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து நேராக 'ஃபினிஷ்' அழுத்தினால் பெரும்பாலும் எண்ணாக மாறிவிடும்.

அடுத்து, வீச்சைப் பாருங்கள், அதாவது சூத்திரம் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை எடுத்துக்கொள்கிறது என்று. சூத்திரக் கட்டத்தில் எஃப்2 அழுத்தினால் அது எடுத்துக்கொள்ளும் கட்டங்களைச் சுற்றி வண்ணக் கோடு விழும். கடைசி வரிசை அதற்குள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். இதை அற்பம் என்று எண்ண வேண்டாம். கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியலாளர்கள் 2010இல் அரசுக் கடன் பற்றி வெளியிட்ட ஆய்வின் தாளில், சராசரி காணும் சூத்திரம் 49ஆம் வரிசை வரை செல்லாமல் 44ஆம் வரிசையோடு நின்றதால், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய 5 நாடுகள் விடுபட்டுப்போயின. தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்தத் தாளைப் பெற்று ஆராய்ந்த பிறகு, 2013இல்தான் அது வெளியில் தெரிந்தது.

நீளமான சூத்திரமாக இருந்தால், அதில் ஐயத்துக்குரிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்துங்கள். அந்தப் பகுதியின் விடை அங்கேயே தெரியும். பார்த்து முடித்ததும் எஸ்கேப் அழுத்தியே வெளியேற வேண்டும். என்டர் அழுத்தினால் சூத்திரத்தின் அந்தப் பகுதி அழிந்து வெறும் எண் அங்கே நிலைத்துவிடும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே 'இஃப்எரர்' போட்டு, பிழை வரும் இடத்தில் 0 காட்டும்படி செய்துவிடாதீர்கள். விடுபட்ட ஊழியரின் சம்பளமும் அந்த 0-க்குள் மறைந்துவிடும்.